கரிசல் காடும் கருவில் வளரும் பிள்ளையும்

கருவுற்ற பெண்ணின் உடம்பில் சேரும் வேதிப்பொருள்களில் பல, ஏதோ ஓர் அளவில் வயிற்றுப் பிள்ளையையும் எட்டிவிடுகின்றன. என்ன பொருள், எவ்வளவு, எந்த மாதத்தில் என்ற மூன்றையும் பொறுத்தே பாதிப்பு அமையும். இதற்கு ரசாயன ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்பதில்லை. தென்காசி மாவட்டத்துக் குருவிகுளம் வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் விளையும் இடம். மருந்தடித்த காட்டிலும் பருத்திமார் எரியும் அடுப்படியிலும்தான் இங்குள்ள பெண்களுக்கு இந்த வேதிப்பொருள்கள் பழக்கமாகின்றன.

அந்த மூன்றில் அதிகம் கவனிக்கப்படாதது காலம். கரு உருவான 28 நாளுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழல் மூடிவிடும். அப்போது தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். முழுகாமல் இருப்பதே பலருக்கு உறுதியாகியிருக்காது. எட்டு வாரத்துக்குள் இதயம், கை கால், முகம் எல்லாம் உருப்பெற்றுவிடுகின்றன. தமிழ்நாட்டில் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி என்ற பதிவு எண் வாங்கும்படி கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் வலியுறுத்துகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் அந்தக் கெடுவை ஒட்டியே இயங்குகிறது. ரத்தசோகையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய அந்தக் கெடு போதும். உறுப்புகள் உருவாகும்போது படும் நஞ்சைத் தடுக்க அது போதாது; பதிவேட்டில் பெயர் ஏறும்போது அந்தக் கட்டம் முடிந்திருக்கும்.

மூளையின் சங்கதி வேறு. அது பேறுகாலம் வரைக்கும், அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் முதல் இரண்டு மாதங்களில் படும் பொருள் உறுப்புக் குறையைத் தரக்கூடும். பின்னால் படுவது எடைக் குறைவாகவோ, இளைப்பாகவோ, வகுப்பில் கவனம் நிற்காத பிள்ளையாகவோ வெளிப்படலாம். இந்த இரண்டாவது வகை பிறந்த அன்று யார் கண்ணுக்கும் தெரியாது. அதை நிறுவ மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தாயின் ரத்தத்தையும் பிள்ளையின் ரத்தத்தையும் நஞ்சுக்கொடி பிரித்து வைக்கிறது. ஆனால் சிறிய மூலக்கூறுகளும் கொழுப்பில் கரைபவையும் அதை எளிதாகக் கடந்துவிடும். எதுவும் கடக்காது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடையே வெகுகாலம் இருந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் மாத்திரை அதை உடைத்தது. 1961 இறுதியில் மாத்திரை திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் கை கால் குறைகளோடு பிறந்திருந்தன. மருந்து அல்லாமல் சுற்றுச்சூழலில் கலந்த பொருளும் அப்படிக் கடக்கும் என்பதை ஜப்பானின் மினமாட்டா காட்டியது. சிஸ்ஸோ ஆலையின் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் கடல் மீனில் சேர, அந்த மீனை உண்டவர்களுக்கு வந்த நோய் 1956இல் வெளிப்பட்டது. சில தாய்மாரிடம் அறிகுறி பெரிதாக இல்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகளோ நிற்கவும் பேசவும் முடியாமல் கிடந்தார்கள். காய்ந்த தொப்புள்கொடியைச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம், நம்மூரில் தாயத்துக்குள் வைத்துக் கட்டுவதைப் போல. பின்னாளில் அந்தக் கொடிகளைச் சோதித்தபோது உள்ளே பாதரசம் இருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் மெத்தில் பாதரசத்தின் செறிவு, தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடச் சராசரியாக 1.7 மடங்கு என்று பிந்தைய ஆய்வுகள் கணக்கிட்டன. தாய் தாங்கும் அளவு பிள்ளைக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் கிடைப்பது அரிது.

கரிசல் காட்டில் முதலில் நிற்பது பூச்சி மருந்து. 2018இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்த பிறகு மக்காச்சோளத்துக்குக் குருத்துக்குள்ளேயே மருந்து விழும்படி அடிக்க வேண்டியதாயிற்று. முதுகில் டேங்க் கட்டி அடிப்பவர் பெரும்பாலும் ஆண்தான். ஆனால் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து டேங்கில் ஊற்றிக் கொடுப்பது, அடித்த காட்டில் மறுநாளே களை எடுக்க இறங்குவது, மருந்தில் நனைந்த சட்டையையும் கைலியையும் துவைப்பது எல்லாம் பெண்கள் பாடு. தோல் வழியாக உடம்புக்குள் போகும் மருந்துக்கு இந்த வேலைகளே போதும். சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போகும் மல்லிகைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் கடுமை: பருவத்தில் மொட்டை நாள்தோறும் பறித்தாக வேண்டும், அடித்த மருந்து ஆறும்வரை காத்திருக்கச் சந்தை விடாது.

மருந்து டப்பாவில் முக்கோண வடிவில் ஒரு நிறக்குறி இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. விவசாயிகள் இதை நன்றாகவே அறிவார்கள். பச்சை முக்கோணம் என்றால் சாதாரண மருந்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நிறம் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரே வேளையில் எவ்வளவு உள்ளே போனால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்பது. நாள்தோறும் சிறுகச் சிறுகப் பட்டால் கருவுக்கு என்ன ஆகும் என்பதற்கும் அந்த முக்கோணத்துக்கும் தொடர்பில்லை. கர்ப்பிணிக்கு வழிகாட்டும் குறியாக அதை நினைப்பது தவறு.

குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ் போன்றவை கரிம பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை. நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடைக்கும் நொதியை முடக்குவதே இவற்றின் வேலை. புழு சாவதும் அதனால்தான், மருந்தடிப்பவருக்கு மயக்கமும் வாந்தியும் வருவதும் அதனால்தான். வளரும் மூளையைப் பாதிக்க மயக்கம் வராத அளவுகூடப் போதுமானதாக இருக்கிறது. இந்த மருந்துகளை உடைத்து வெளியேற்ற உதவும் பாரக்சோனேஸ் நொதி பெரியவர்களிடம் இருப்பதில் ஒரு சிறு பங்கே பிறந்த குழந்தையிடம் இருக்கும்.

இதைப் பிள்ளைகளின் படிப்போடு சேர்த்துப் பார்த்த ஆய்வு கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் நடந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைக் கூலிக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கனாசி குழுவினர் 1999 முதல் கர்ப்பிணிகளின் சிறுநீரில் மருந்தின் எச்சத்தை அளந்து, பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். எச்சம் மிகக் கூடுதலாக இருந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட ஏழு வயதில் நுண்ணறிவு ஈவில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தனர். முடிவு 2011இல் வெளியானது. பிறந்த பிறகு பிள்ளையின் உடம்பில் அளந்த எச்சத்துக்கும் இந்தப் பின்னடைவுக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. கருக்காலத்து அளவுதான் பேசியது.

நம் பக்கத்து மாநிலத்தின் காசர்கோடு இதற்கு நேர் எதிரான வகை. அங்கே 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் ஹெலிகாப்டர் வைத்து எண்டோசல்பான் என்ற பூச்சி மருந்தைத் தெளித்தார்கள். குறையோடு பிறந்த பிள்ளைகளை ஊரே எண்ணத் தொடங்கிய பிறகுதான் ஆய்வாளர்கள் வந்தார்கள். பட்ரே கிராமத்துச் சிறுவர்கள் 117 பேரையும் மருந்து படாத ஊரின் 90 பேரையும் தேசியத் தொழில்நல நிறுவனம் ஒப்பிட்டது; பட்ரே பையன்களின் ரத்தத்தில் எண்டோசல்பான் கூடுதலாகவும், பருவமடைதல் பிந்தியும் இருந்ததை அதன் 2003ஆம் ஆண்டுக் கட்டுரை பதிவு செய்தது. உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுவதும் எண்டோசல்பான் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை போட்டது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இருந்தும் எந்தக் குறை எண்டோசல்பானால் வந்தது என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. சாலினாஸில் இருந்த ஒன்று காசர்கோட்டில் இல்லாமல் போனது: கர்ப்பகாலத்தில் எடுத்து வைத்த அளவு. தெளித்த ஆண்டுகளில் எந்தத் தாயின் ரத்தத்தையும் யாரும் சேமிக்கவில்லை.

அடுத்தது அடுப்பு. பஞ்செடுத்து முடிந்த பருத்திமார் சட்டென்று பற்றும், சீக்கிரம் தணியும், அதனால் கிட்டத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் இருக்கின்றன. பிள்ளையின் ஹீமோகுளோபின் கார்பன் மோனாக்சைடைத் தாயினுடையதைவிட இறுகப் பிடித்துக்கொள்வதால் அதற்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. நுண்துகளோ நஞ்சுக்கொடியில் அழற்சியை உண்டாக்கி ஊட்டம் போகும் வழியைச் சுருக்குகிறது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குச் சொந்தக் கணக்கே இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு நகரமும் கிராமமுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது என்பது 2018இல் வெளியான முடிவு. 4 கிராம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் விறகடுப்புச் சமையலில் நுண்துகள் நூறு மைக்ரோகிராமைத் தாண்டுவது சாதாரணம். ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5, இந்திய வரம்பு 40.

புகையை நீக்கினால் எடை கூடுமா? விழுப்புரம், நாகப்பட்டினம் கர்ப்பிணிகளையும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா பெண்களையும் சேர்த்து மொத்தம் 3,200 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசம். மீதிப் பேர் விறகிலேயே சமைத்தார்கள். எரிவாயு வீட்டில் தாய் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராம் அளவில் நின்றது, விறகு வீட்டில் 70 அளவில். 2022இல் முடிவு வந்தபோது எடை வித்தியாசம் 20 கிராம் மட்டுமே, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கும் எல்லைக்குள். எரிவாயுவால் பயனில்லை என்று சிலர் இதைப் படித்தார்கள். அது அவசர முடிவு. சென்னைக் கணக்கின்படி 46 மைக்ரோகிராம் குறைந்தால் எடை கூட வேண்டியதே 18, 19 கிராம்தான். தவிர, பெண்கள் சோதனையில் சேர்ந்ததே 9ஆம் வாரத்துக்கும் 20ஆம் வாரத்துக்கும் இடையில்; அடுப்பு கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். முதல் மாதங்களைப் புகை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. மணமான அன்றே வீட்டுக்கு வர வேண்டிய சிலிண்டர், பிக்மி எண்ணுக்குப் பிறகு வந்தால் இவ்வளவுதான் செய்ய முடியும்.

எச்சரிக்கையாக இருக்கும்படி கர்ப்பிணிக்குச் சொல்வதைவிடப் பொருளையே சந்தையிலிருந்து எடுப்பது பலன் தந்திருக்கிறது. இந்த வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் தாடையெலும்பை அரிக்கும் வெள்ளைப் பாஸ்பரஸ் இல்லாமல் போனதற்கு 1913ஆம் ஆண்டுச் சட்டம் காரணம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான குளோர்பைரிபாஸ் 2001ஐ ஒட்டி நிறுத்தப்பட்டதும், நியூயார்க் தாய்மாரின் ரத்தத்தில் அதன் அளவு விழுந்தது. எடைக் குறைவோடு முன்பு தெரிந்த தொடர்பும் அதற்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் மறைந்தது. தமிழக அரசு சில ஆண்டுகளுக்கு முன் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாள் தடுத்தது. காரணம் தற்கொலை, கருவிலிருக்கும் பிள்ளை அந்த ஆணையின் கணக்கில் இல்லை. 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை குளோர்பைரிபாஸை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சில பயன்பாடுகளுக்கு விலக்கும் உண்டு. இந்தியா தனியே ஏற்பு தெரிவித்தால்தான் அது இந்தியாவைக் கட்டுப்படுத்தும்.

ஈயம் இந்தத் தடைகளையும் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இல் நின்றது. வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கான 90 பிபிஎம் வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. நிறம் கூட்டிய மஞ்சள்தூளும் பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகளும் இன்றும் அதைப் பரப்புகின்றன. இந்தியாவில் 27 கோடிக்கும் அதிகமான குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டுவதாக யுனிசெப் 2020இல் மதிப்பிட்டது. பெண் குழந்தையின் உடம்பில் சேரும் ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். அவளே கருவுற்று, பிள்ளையின் எலும்புக்காக உடம்பு சுண்ணாம்புச்சத்தைக் கரைக்கும்போது கூடவே ஈயமும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்கு நாளும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்ததில் ரத்த ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்காம் மாதத்திலிருந்து தரும் கால்சியம் மாத்திரை ரத்தக்கொதிப்பைத் தடுப்பதற்காகத் தரப்படுவது. ஈயத்துக்கு எதிராகவும் அது வேலை செய்யும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது என்பதால் கால்சியத்தைச் சாப்பாட்டோடும், இரும்புச்சத்து மாத்திரையைச் சில மணி நேரம் தள்ளியும் எடுத்துக்கொள்ள வேண்டும்.