ஆண்டுக்கு ஒரு சொல்

டிசெம்பர் மாதம் வந்தால் ஜப்பானின் கியோட்டோ நகரில், கியோமிசு விகாரையின் தலைமைப் பிக்கு பெரியதொரு தூரிகையால் ஒரேயோர் எழுத்தை எழுதிக் காட்டுகிறார். மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த, அந்த ஆண்டுக்கான எழுத்து அது. 1995 இல் இவ்வழக்கம் தொடங்கியபோது தெரிவான எழுத்தின் பொருள் 'நடுக்கம்'. அவ்வாண்டு ஜனவரியில் கோபே நகரைப் பூமியதிர்ச்சி உலுக்கியிருந்தது.

ஒக்ஸ்போர்ட் அகராதியினரும் ஆண்டுதோறும் ஒரு சொல்லை அறிவிக்கிறார்கள். 2022 இல் முதன்முறையாகப் பொதுமக்களிடமே வாக்குக் கேட்டார்கள். மூன்று இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கிடைத்தன. வென்றது 'கொப்ளின் மோட்'. ஊரார் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கமின்றி, சோம்பலாய், அலங்கோலமாய்க் கிடப்பதற்கு அப்படியொரு பெயர். அதே 2022 இல் கொழும்பில் நாம் எரிவாயு சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் காத்து நின்றோம். சோம்பிக் கிடக்க யாருக்கு நேரம் இருந்தது?

அப்படியானால் நமது 2022 இன் சொல் எது? வகுப்புத் தோழியரிடம் கேட்டேன். பலர் 'கியூ' என்றார்கள். ஒருத்தி 'கரண்ட் கட்' என்றாள். 'அரகலய' என்றவளும் உண்டு. காலிமுகத்திடல் நமது கொம்பனித்தெருவிலிருந்து நடக்கும் தூரம்தானே! 'அரகலய' சிங்களச் சொல். 'போராட்டம்' என்ற தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கவே இருக்கிறது. ஆயினும் தமிழில் பேசும்போதும் பலர் சிங்களச் சொல்லையே வைத்துக்கொண்டோம். இந்நாட்டில் 'போராட்டம்' என்றதும் வேறொரு காலம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

2020 ஐப் பற்றி எங்கள் ஒழுங்கையில் கேட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா 'லொக்டவுன்' என்றார். எதிர் வீட்டுத் தமிழ் அன்ரி 'ஊரடங்கு' என்றார். என் உம்மா யோசிக்கவே இல்லை. 'எரிப்பு' என்றார்.

கொவிட்டால் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசு விதித்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியும் அது மாறவில்லை. டிசெம்பரில், பிறந்து 20 நாளேயான குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதன் பிறகு பொரளை கனத்தை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கட்டியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது.

இதற்கு அறிவித்தல்களில் வந்த சொல் 'தகனம்'. நல்ல சொல்தான். இந்து, பௌத்த அயலவருக்கு அது இறந்தவருக்குச் செய்யும் கடைசி மரியாதை. எங்கள் வீடுகளில் மட்டும் அச்சொல் நாவில் ஏறவே இல்லை. 'ஜனாஸா எரிப்பு' என்றே சொன்னோம். தமிழ்ப் பத்திரிகைகளும் அப்படி எழுதத் தொடங்கின.

ஜேர்மனியில் இன்னுமொரு தெரிவு உண்டு. மனித கண்ணியத்துக்கு ஊறு செய்யும், அல்லது உண்மையை மறைக்கும் சொல்லொன்றை 1991 முதல் ஒரு குழு ஆண்டுதோறும் சுட்டிக்காட்டுகிறது. 2014 க்கு அவர்கள் சுட்டியது 'பொய்ப் பத்திரிகை'. நாஸிகளும் பயன்படுத்திய வசைச்சொல் அது. இதை வாசித்தபோது எனக்கு 'தகனம்' தான் ஞாபகம் வந்தது. சொல்லில் பிழையில்லை, விருப்பமில்லாதவர் மீது சுமத்தியதை அது மூடிவிடுகிறது.

2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காக முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே சோறு வடித்துக்கொண்டிருந்த உம்மா, "எரிச்சதெண்டு சொல்லட்டும்" என்றார்.