உங்களுக்குத் தெரியுமா? கல்லூரி வளாகத்தில் நாப்கின்

● சாப்பாடு, பஸ், ஜெராக்ஸ் என்று எண்ணி எண்ணிச் செலவு செய்யும் வயதில் நாப்கினும் ஒரு செலவு. அமெரிக்காவில் 471 கல்லூரி மாணவிகளிடம் கேட்டு 2021-இல் வெளியான ஆய்வில், முந்தைய ஓராண்டில் நாப்கின் வாங்கப் பணமில்லாமல் தவித்ததுண்டு என்றவர்கள் 14.2 சதவீதம். மாதாமாதம் இதே நிலைதான் என்றவர்கள் மேலும் 10 சதவீதம். அத்தனை வசதியான நாட்டிலேயே இப்படி.

● ஸ்காட்லாந்தில் இந்தச் செலவை அரசே ஏற்றுக்கொண்டது. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களில் இலவசமாகத் தர 2018-இல் 52 லட்சம் பவுண்டு ஒதுக்கினார்கள். பிறகு மோனிகா லெனன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா, 2020 நவம்பர் 24 அன்று ஓர் எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் அங்குள்ள நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2022 ஆகஸ்ட் 15 முதல் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இலவசம் என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. எளிதாக எடுக்க முடிய வேண்டும், எடுப்பவரின் மானம் காக்கப்பட வேண்டும், வேண்டிய வகையைத் தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், மானம் காக்கும் அந்த நிபந்தனைதான் உயிர்நாடி. செய்முறைத் தேர்வின் நடுவே பீரியட்ஸ் வந்துவிட்டால், ஆபீஸ் ரூம் வரை நடந்து, பீரோ சாவி யாரிடம் என்று விசாரித்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு ஒரு பேட் வாங்கும் நிலை எந்த மாணவிக்கும் வரக்கூடாது. கேட்டுத்தான் வாங்க வேண்டுமென்றால் பலர் கேட்கவே மாட்டார்கள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

● அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் மாணவர் பேரவையே பொறுப்பெடுத்து, கழிப்பறைகளில் நாப்கினும் டாம்பானும் வைத்தது. ஆண்கள் கழிப்பறைகளையும் விடவில்லை. மாதவிடாய் வரும் திருநம்பிகளும் அங்கே படிக்கிறார்களே!

● நம் நாட்டில் நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் நீங்கியது. மக்கள் மருந்தகங்களில் விற்கும் 'சுவிதா' நாப்கினின் விலை 2019 ஆகஸ்டில் ஒன்று 1 ரூபாயாகக் குறைந்தது. உங்கள் கல்லூரிப் பக்கத்தில் மக்கள் மருந்தகம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

● தமிழ்நாட்டின் இலவச நாப்கின் திட்டமான 'புதுயுகம்' முக்கியமாக 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கானது. இலவச நாப்கின் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கும் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்காகத்தான். 20 வயதில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி இரண்டிலும் வரமாட்டார். அவருக்கும் மாதாமாதம் தேவைப்படுகிறது, பையில் பணமும் அதே அளவுதான். இந்த இடைவெளியை அரசு நிரப்பியே ஆக வேண்டும்.

● கொச்சியிலுள்ள குசாட் பல்கலைக்கழகம், மாணவர் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று, 2023 ஜனவரியில் மாதவிடாயைக் கருத்தில் கொண்டு மாணவிகளுக்கு வருகைப்பதிவில் 2 சதவீதம் சலுகை தந்தது. அதே மாதத்திலேயே கேரள அரசு உயர்கல்வித் துறையின் கீழுள்ள மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரிவாக்கியது.

● நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்றுவது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் கழிப்பறைக்குள் மூடி போட்ட குப்பைத்தொட்டி இல்லையென்றால் காலை ஒன்பதுக்கு வைத்ததோடு மாலை வரை உட்கார்ந்திருக்கும் மாணவிகள் உண்டு. பயன்படுத்தியதைச் சுற்றிப் போட உறை தர வேண்டியது தயாரிப்பு நிறுவனங்களின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. தொட்டி வைப்பது கல்லூரியின் வேலை.

● கலிபோர்னியாவில் 2021-இல் வந்த சட்டம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை எல்லாப் பெண்கள் கழிப்பறைகளிலும் இலவச நாப்கின் இருக்க வேண்டும் என்றது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் வளாகத்தில் குறைந்தது ஒரு பொது இடம் போதும் என்று விட்டுவிட்டார்கள். பிளாக் பிளாக்காக விரிந்து கிடக்கும் வளாகத்துக்கு ஒரே இடம் எப்படிப் போதும்? அதே சட்டத்தில் இன்னொரு பிரிவை நம் கல்லூரிகள் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம். இருப்பு தீராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்பாக ஒட்டி வைக்க வேண்டும்.