மாலைக்கண்: தாயிடம் கேட்க வேண்டிய கேள்வி

வைட்டமின் ஏ பற்றாக்குறையால் குழந்தையின் கண் பழுதடைவதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் ரொடாப்சின் என்னும் விழித்திரை நிறமி இந்த வைட்டமினிலிருந்தே உருவாவதால், கல்லீரலில் உள்ள சேமிப்பு கரைந்ததும் முதலில் குன்றுவது அந்திப் பார்வைதான். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் விளையாட்டை விட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவதையும், எதிரே வைத்த சோற்றுத் தட்டைக் கையால் துழாவுவதையும் தாயே கவனிக்கிறாள். கொங்குச் சிற்றூருக்குச் செல்லும் செவிலியர், "பொழுதோட கொழந்தை தட்டித் தடுமாறுதுங்களா?" என்று கேட்டு, பகலில் அது சரியாக நடக்கிறதா என்பதையும் விசாரித்துவிட்டால் நோயறிதலில் பாதி முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி பகல் வெளிச்சத்தில் நடப்பது. இமைகளை மெல்ல விலக்கிப் பார்த்தால், வெள்ளைவிழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு பளபளப்பிழந்து, வறண்டு, சுருங்கியிருக்கும். கருவிழியின் ஓரத்தில், பெரும்பாலும் காதுப் பக்கமாக, சோப்பு நுரை ஒட்டியதுபோன்ற வெண்திட்டு தென்படலாம். பஞ்சால் துடைத்தால் நுரை போய்விடும், சில நாளில் மீண்டும் படியும். 1863இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இது பிடோ புள்ளி எனப்படுகிறது. கோவைக்கு அருகே குன்னூரில் இயங்கி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தினர், 1930களில் தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தபோது தேடிய அடையாளங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் இந்தப் புள்ளியை மட்டும் நம்புவது சரியன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் சிலரிடம் பற்றாக்குறை தீர்ந்த பின்னும் பழைய புள்ளி மறையாமல் நின்றுவிடுகிறது.

கருவிழி மங்கிவிட்டால் அது அவசர நிலை. குறிப்பாகத் தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ கண்ட சிறு குழந்தைக்குக் கருவிழி வறண்டு, புண்ணாகி, ஓரிரு நாளிலேயே குழைந்து உருகிவிடக்கூடும். கெரடோமலேசியா எனப்படும் இந்நிலையில் இழந்த பார்வை திரும்புவதில்லை. இரத்தத்தில் ரெட்டினால் அளவைச் சோதித்து முடிவுக்குக் காத்திருப்பது இங்கே வீண் தாமதம். காய்ச்சலும் தொற்றும் அந்த அளவைத் தற்காலிகமாகக் குறைத்துக் காட்டும் என்பதால் அச்சோதனை அவ்வளவு நம்பகமானதும் அன்று. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ அன்றே வாய்வழி தரப்பட்டு, மறுநாளும், இரண்டு வாரம் கழித்தும் அதே அளவு தரப்படுகிறது. 6 முதல் 12 மாதக் குழந்தைக்கு இதில் பாதி.

இந்த மருந்தே ஒரு சோதனையாகவும் பயன்படுகிறது. பற்றாக்குறையால் வந்த மாலைக்கண் ஓரிரு நாளில் விலகத் தொடங்கும். விலகாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். மாமன் மகள், அத்தை மகள் என்று சொந்தத்திலேயே பெண் எடுக்கும் வழக்கமுள்ள கொங்குப் பகுதியில் ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்னும் மரபுவழி விழித்திரை நோயை மருத்துவர் மறந்துவிட முடியாது. அந்நோயும் இரவுப் பார்வைக் குறைவாகவே தொடங்கும். கீரையாலும் சொட்டு மருந்தாலும் தீராது. அத்தகைய குழந்தையை விழித்திரை மருத்துவரிடம் அனுப்பும்போது, அதன் உடன்பிறந்தோரின் கண்களையும் பரிசோதிக்க வேண்டும்.

(தொடரும்)