ரிவர்ட் பண்ணுங்கன்னா என்ன பண்ணணும்?

பாட்காஸ்டில் கிட் பற்றிப் பேசினோம் இல்லையா, அதில் வந்த 'ரிவர்ட்' என்ற வினைச்சொல்லுக்குத் தனியா ஒரு பக்கம் ஒதுக்கணும்னு தோணுச்சு. கேட்டால் எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரியே இருக்கும். அதுதான் சிக்கல்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் 'ப்ளீஸ் ரிவர்ட் பை ஃப்ரைடே' என்று மெயில் போட்டால், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்க என்று அர்த்தம். உங்க அப்பாவோட ஆபீஸ் மெயிலிலும் பார்த்திருப்பீங்க. பிரிட்டனில் படிச்சு வளர்ந்தவங்களுக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது மட்டும்தான். குத்தகை முடிந்ததும் நிலம் உரிமையாளருக்கே திரும்புவதற்கும் சட்டத்தில் இதே சொல். 'பதில்' என்ற பொருளை இந்திய ஆங்கிலம் என்று குறிப்பிட்டு அகராதிகளே சேர்த்திருக்கு. அதனால நக்கலடிக்க வேண்டாம்.

லண்டனில் நான் காண்ட்ராக்ட் பார்த்த ஒரு இடத்தில், சென்னை டெஸ்டர் ஒருத்தங்க 'கைண்ட்லி ரிவர்ட் ஆன் தி பேமெண்ட் சேஞ்ச்' என்று எழுதினாங்க. இங்கே பிறந்து வளர்ந்த ஜூனியர் பையன் உடனே அந்த மாற்றத்தையே எடுத்துட்டான். மதியம் வரை பழைய பேமெண்ட் பக்கம்தான் ஓடுச்சு. அவங்க கேட்டது ஒரு பதில். ரெண்டு பேருமே அவங்கவங்க ஆங்கிலத்தில் சரியாத்தான் இருந்தாங்க!

கருவிகளும் ஒத்துப்போகாது. சப்வெர்ஷனில் ரிவர்ட் என்றால், கமிட் பண்ணாத உங்க மாற்றங்களைத் தூக்கிப் போடுவது. கிட்டில் அது பழைய கமிட்டை அழிக்காது. அதற்கு நேர் எதிரான மாற்றத்தோடு புது கமிட் ஒன்றை மேலே வைக்கும். தெரியாமல் பாஸ்வேர்டைக் கமிட் பண்ணி புஷ் பண்ணிட்டு, ரிவர்ட் பண்ணியாச்சு என்று நிம்மதியா தூங்குறவங்க இருக்காங்க. ஹிஸ்டரியில் அது அப்படியே கிடக்கும். முதலில் பாஸ்வேர்டை மாத்துங்க, மத்ததெல்லாம் பிறகு.

மெர்ஜை ரிவர்ட் பண்ணுவது இன்னும் வம்பு. அதே பிராஞ்சைத் திரும்ப மெர்ஜ் பண்ணினாலும் பழைய மாற்றங்கள் வராது. அதெல்லாம் ஏற்கெனவே சேர்ந்தாச்சு என்பது கிட்டின் கணக்கு. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் பண்ணணும்.

என் பழக்கம் இது: பதில் வேணும்னா 'ரிப்ளை' என்றே எழுதுவேன். மாற்றத்தை எடுக்கணும்னா கமிட் எண்ணையும் கூடவே போடுவேன். கிட் பக்கமும் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கு. ரிவர்ட்டை ரிவர்ட் பண்ணினால் முன்பு கமிட் தலைப்பில் அந்தச் சொல் ரெண்டு தடவை வரும். புதுப் பதிப்புகளில் 'ரீஅப்ளை' என்று வருது.