குடியை நிறுத்த எவ்வளவு செலவாகும்?

போன வாரம் வந்த ஒரு வாய்ஸ் மெசேஜிலிருந்தே இன்றைய எபிசோடைத் தொடங்குகிறேன். பேசியவர் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. "அக்கா, அப்பா தினமும் குடிக்கிறார். ஒரு சென்டர்ல கேட்டேன். மூணு மாசம் உள்ளேயே வெச்சுக்குவோம், முழுப் பணத்தையும் முதல்லயே கட்டணும்னு சொல்றாங்க. அவ்வளவு பணம் எங்ககிட்ட இல்ல. கடன் வாங்கிடலாமா?"

வேண்டாம் தம்பி. இந்த எபிசோடு முடியும்வரையாவது வாங்காதீங்க.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் சீக்கிரம் புரியும். என் சித்தப்பா ஒரு பொங்கலுக்கு, "இனிமே தொடமாட்டேன்" என்று சபதம் போட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் கை நடுக்கம், வியர்வை. இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. அதற்கடுத்த நாள் சுவரில் பூச்சி ஊருது என்று கத்தினார். பாட்டி மந்திரிக்க ஆள் தேடினார். நல்லவேளையாக, பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவரின் மூளை, மது இருக்கும் என்ற கணக்கிலேயே ஓடப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அது தாறுமாறாக வேகமெடுக்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். குழப்பமும், இல்லாததைப் பார்ப்பதும் இரண்டாவது, மூன்றாவது நாளில் ஆரம்பிக்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதனால் "ரூம்ல போட்டுப் பூட்டு, சரியாயிடும்" என்பது ரொம்ப ஆபத்தான யோசனை.

ஆனால் இந்தக் கட்டத்துக்கான மருந்துகள் விலை உயர்ந்தவை இல்லை. பதற்றத்தைத் தணித்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்படும் சில மாத்திரைகள். கூடவே பி1 வைட்டமின் ஊசி. டாக்டர் கண்காணிப்பில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு தெளிந்துவிடும். அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் பணம் வாங்குவதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் வருமே, அந்தப் பக்கம் போகாதீங்க. மது உள்ளே போனால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கிறது. டாக்டர் சொல்லி, தெரிந்தே எடுத்துக்கொள்ள வேண்டியது அது. தெரியாமல் கலந்து, அவர் வெளியில் போய்க் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். என்னவென்றே சொல்லாமல் விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்குத்தான் வெளிச்சம்.

உடம்பு தெளிந்த பிறகுதான் நிஜமான வேலை. அதே தெரு, அதே கூட்டாளி, அதே சம்பள நாள். மூன்று மாதம் ஊரை விட்டுத் தள்ளி வைத்தாலும் ஒருநாள் அங்கேதானே திரும்ப வேண்டும்? தினக்கூலி வேலை செய்பவர் என்றால் அந்த மூன்று மாதச் சம்பளமும் போச்சு. ஃபீஸை விடப் பெரிய செலவு பல வீடுகளில் அதுதான்.

இதை ரொம்ப முன்னாடியே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோயில் இழந்தவர். 1980-ல் சென்னையில் கணவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு டி.டி.கே. மருத்துவமனை என்றால் தெரியும். 1980-களின் கடைசியில் அவர்கள் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம் போட ஆரம்பித்தார்கள். நோயாளியைச் சென்னைக்கு வரவழைக்காமல் சிகிச்சையே ஊருக்குப் போனது. யாருக்குத் தேவை என்று ஊர்க்காரர்களே அடையாளம் காட்டினார்கள். சுமார் 15 நாள் சிகிச்சை, வீட்டாருக்கும் சேர்த்துக் கவுன்சலிங், பிறகும் விடாமல் தொடர்ந்து பார்ப்பது. எனக்கு இதில் பிடித்தது, குணமாகி வந்தவரை ஊரே கவனிக்கும் என்பது. கொஞ்சம் தொந்தரவுதான், ஆனால் உதவி!

மனநலத்திலும் இப்படி ஒன்று உண்டு. சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே ஏறி உட்கார்ந்தால் திரையில் சென்னை டாக்டர் பேசுவார். மருந்தும் அந்த பஸ்ஸிலேயே கிடைக்கும்.

சரி, தம்பி, உங்களுக்கு இப்போது என்ன வழி? மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1996-ல் தொடங்கியது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அந்தக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். போர்டு பெரிதாக இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குடிக்கு மட்டுமில்லை, மனச்சோர்வு, தூக்கமின்மை, பயம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் பார்ப்பார்கள். குடிப்பவர்களில் பலருக்கு உள்ளே ஒரு மனச்சோர்வும் ஒளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இரண்டுமே போகாது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை போதும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு. ஆனால் கூட்டம் மருந்துக்குப் பதில் இல்லை. நடுக்கம், வலிப்பு உள்ளவர் முதலில் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எல்லாம் கேட்ட பிறகும் தனியார் மையம்தான் என்று முடிவெடுத்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்க. 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்பையும் சேர்த்துத்தான் பேசுகிறது. சங்கிலியால் கட்டக் கூடாது. உறவினரைப் பார்க்கவும் போனில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. "மூணு மாசம் யாரும் பார்க்க வரக்கூடாது" என்று சொல்லும் இடத்தில் அப்பாவை விட்டுவிட்டு வராதீங்க.

என் சித்தப்பா நடுவில் இரண்டு முறை மறுபடி குடித்தார். இரண்டு முறையும் அதே அரசு மருத்துவமனைக்கு, அதே ஓ.பி. சீட்டோடு போனோம். மூன்றாவது முறை என்று ஒன்று இதுவரை வரவில்லை.

தம்பி, இன்றைக்கே 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நீங்கள் பேசலாம். உங்கள் தூக்கம், உங்கள் பரீட்சை பற்றியும் பேசலாம். அப்பா தினமும் எவ்வளவு குடிக்கிறார், காலையில் கை நடுங்குமா, முன்னாடி வலிப்பு வந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. உங்க தாலுகா மருத்துவமனைக்கு மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்றும் அந்த மருத்துவமனையிலேயே கேட்டு வையுங்க.