நூலின் நிறம் எங்கே போகிறது? பழைய தூண்டில் தடியைத் திருத்துபவர்களுக்கு

புத்தூரிலிருந்து மீசாலைக்குப் போகும் வீதி, வாதரவத்தையைத் தாண்டியதும் நீரேரியைக் கடக்கிறது. பின்னேரங்களில் அந்தப் பக்கம் போனால் தூண்டிலோடு நிற்பவர்களைக் காணலாம். பெரும்பாலானோரிடம் இருப்பது கையில் சுற்றிய தங்கூசியும் ஒரு முள்ளும்தான். ஓரிருவரிடம் மட்டும் றீல் பூட்டிய தடி இருக்கும். ஒன்றில் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாக இருக்கும், அல்லது வீட்டில் பல காலம் கிடந்ததாக இருக்கும்.

வீட்டில் கிடந்த அப்படி ஒரு தடியைப் புத்தூரில் பார்த்தேன். கண்ணாடி இழையால் செய்த கறுப்புத் தடி. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அந்த வீட்டுக்காரர் அதை முகட்டு வளையில் செருகிவிட்டுப் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கதவு, யன்னல் எதுவும் இல்லை. தடி மட்டும் செருகிய இடத்திலேயே இருந்தது. ஆனால் நீரேரியில் இறங்கப் பாஸும் நேரக் கட்டுப்பாடும் இருந்த காலம் அது. தடி திரும்பவும் வளைக்கே போனது. அதை வாங்கிய தகப்பன் இப்போது இல்லை.

அந்தத் தடியை மகன் இறக்கித் திருத்தத் தொடங்கினார். வளையங்களைத் தடியோடு கட்டியிருந்த நூல் இற்றுப் போயிருந்தது. முன்பு அது மஞ்சளும் சிவப்பும் என்று தாய்க்கு நினைவிருந்தது. அதே நிறங்களில் நூல் எடுப்பித்து, இரண்டு நாள் இருந்து நெருக்கமாகச் சுற்றி, மேலே எபொக்சிப் பூச்சைத் தடவினார். பூச்சுப் பட்ட இடமெல்லாம் மஞ்சள் கண்முன்னே காணாமல் போனது. சிவப்பு, காய்ந்த இரத்தம் மாதிரிக் கறுத்தது. பழுதான நூலைத் தந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம்.

நூலில் பழுது இல்லை. வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இதற்கும்.

நைலோன் நூல் என்பது பல மெல்லிய இழைகளின் முறுக்கு. ஒவ்வொரு இழையும் தனியே பார்த்தால் ஏறத்தாழக் கண்ணாடி போன்றது. இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. காற்றிலிருந்து இழைக்கும் இழையிலிருந்து காற்றுக்கும் போகும்போது ஒளி ஒவ்வொரு எல்லையிலும் சிதறி எங்கள் கண்ணுக்குத் திரும்புகிறது. நூல் பளிச்சென்று தெரிவது இந்தச் சிதறலால்தான். காற்றின் முறிவுச் சுட்டி 1. நைலோனுடையது சுமார் 1.53. எபொக்சியினுடையதும் அதற்கு மிகக் கிட்ட. பூச்சு உள்ளே இறங்கிக் காற்றை வெளியே தள்ளியதும், ஒளிக்கு இழை எது, பூச்சு எது என்ற வேறுபாடு இல்லாமல் போகிறது. அது நேரே ஊடுருவி அடியிலிருக்கும் கறுப்புத் தடியைத் தொட்டு அங்கேயே அடங்கிவிடுகிறது. நாங்கள் பார்ப்பது தடியின் கறுப்பை.

ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நனைந்த வேட்டி காய்ந்தால் வெள்ளை திரும்பி வரும். எபொக்சி காய்வதில்லை, இறுகுகிறது. ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஆகவே நிறத்தைப் பற்றிய முடிவைப் பூச்சுக்கு முதலே எடுக்க வேண்டும்.

வழிகள் மூன்று.

முதலாவது, நிறக்காப்புத் திரவம். தடி கட்டுவோருக்கென்று விற்கப்படும் இது பெரும்பாலும் நீரில் கரைந்த அக்ரிலிக். எபொக்சிக்கு முன் நூலில் தடவினால், எபொக்சி உள்ளே இறங்காதபடி தடுக்கும். குறைவாகத் தடவுவதுதான் வழமையான பிழை. திரவம் பிடிக்காத இடங்களில் எபொக்சி புகுந்து தேமல் போலக் கறுப்புத் திட்டுகள் விழும். நூல் முழுவதும் ஊறும்வரை தடவி, மிஞ்சியதை ஒற்றி எடுத்து, காயவிட்டு, திரும்பவும் தடவ வேண்டும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு முழு நாளாவது காயவிடுங்கள். மாரி காலத்தில் அதற்கும் கூட. ஈரம் உள்ளே அகப்பட்டால் மேற்பூச்சு வெண்மையாக மங்கும்.

இரண்டாவது, நிறக்காப்புத் தேவையில்லாத நூல். இதில் ஒளியை மறைக்கும் நிறத்தூள் இழைக்குள்ளேயே இருப்பதால், காற்று போனாலும் நிறம் நிற்கும். பார்வைக்குச் சாதாரண நூலைவிடக் கொஞ்சம் தட்டையாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து நூல் எடுப்பிப்பவர்கள் இந்த வகை வேண்டும் என்று குறிப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். உலோகப் பளபளப்பு நூல்களும் பூச்சில் நிறம் மாறுவதில்லை.

மூன்றாவது, அடிச்சுற்று. இரண்டாவது வகை வெள்ளை நூலை முதலில் தடியில் சுற்றி, அதன் மேல் சாதாரண நிற நூலைச் சுற்றுவது. மேல் நூல் கண்ணாடியாக மாறினாலும் அடியிலிருக்கும் வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும். நிறம் ஆழமாகவும் தெளிவாகவும் தெரியும்.

இதில் ஒரு பேரமும் உண்டு. எபொக்சி நூலுக்குள் இறங்குவது நிறத்துக்குக் கேடு, பலத்துக்கு நல்லது. இழைகளையும் வளையத்தின் காலையும் தடியையும் ஒன்றாகப் பிணைப்பது அதுதான். நிறக்காப்புத் தடவினால் எபொக்சி மேலே ஓடாகவே நிற்கும். அதனால் பெரிய கொடுவா பிடிக்கும் தடிகளில், வளையம் கட்டும் இடத்தில் பலர் நிறக்காப்பே போடுவதில்லை. அன்றாடக் கறிக்கும் விற்பனைக்கும் தடியை நம்பியிருப்பவர் வளையக் கட்டுகளைக் கறுப்பிலோ கடும் நிறத்திலோ கட்டிவிட்டு, பாரம் விழாத அலங்காரச் சுற்றுகளில் மட்டும் நிறத்தைக் காப்பது நல்லது.

வேலையின்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. எண்ணெய் பட்ட கையால் நூலைத் தொட வேண்டாம். எண்ணெய் இருக்கும் இடத்தில் திரவமும் பிடிக்காது, எபொக்சியும் குழி விழும். எபொக்சியின் இரு பாகங்களையும் போத்தலில் சொன்ன அளவில், ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து கலக்க வேண்டும். எங்கள் வெயிலில் கலவை சீக்கிரம் தடிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. தடவிய பின் பூச்சு ஒரு பக்கம் வழியாமல் தடியை மெதுவாகச் சுழற்ற வேண்டும். மோட்டர் இல்லாவிட்டால் இரண்டு தாங்கிகளில் வைத்து, முதலில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையும் தடிக்கத் தடிக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் அரைச் சுற்றுத் திருப்பலாம். ஐந்து நிமிடத்தில் இறுகும் சாதாரணக் கடைப் பசை இதற்கு உதவாது. பரவ நேரம் தராது, வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும்.

எல்லாவற்றுக்கும் முதல், வேறொரு கறுப்புக் குச்சியில் இரண்டு அங்குலம் சுற்றி, பூசிப் பாருங்கள். ஒரு நாள் தாமதிக்கும், ஆனால் தடி தப்பும்.

பழைய தடியாக இருந்தால், பழைய கட்டுகளை வெட்டும் முன் படம் எடுத்து, ஒவ்வொரு கட்டின் நீளத்தையும் நிற வரிசையையும் எழுதி வையுங்கள். கத்தியைத் தடியில் வைக்கக் கூடாது. வளையத்தின் இரும்புக் காலின் மேல் வைத்துச் சீவி எடுக்க வேண்டும். தடியில் ஒரு கீறல் விழுந்தால், மீன் இழுக்கும்போது அந்த இடத்திலேயே முறியும். இறுக்கமாக இருக்கும் கட்டை அவிழ்க்கத் தேவையே இல்லை.

நிறத்துக்கு இன்னொரு எதிரி வெயில். புற ஊதாக் கதிர் சாயத்தை வெளிறச் செய்யும், எபொக்சியை மஞ்சளாக்கும். நீரேரியால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வீட்டுக்குள் வையுங்கள். உப்புத் தங்கினால் வளையத்தின் கால் துருப்பிடித்து, அந்தக் கறை கட்டுக்குள்ளால் தெரியும்.

புத்தூர்த் தடியில் கறுத்த கட்டுகளை அந்த மகன் சீவி எடுத்துவிட்டார். இந்த முறை அடியில் வெள்ளை, மேலே மஞ்சளும் சிவப்பும். கைப்பிடிக்குக் கிட்ட ஒரு கட்டு மட்டும் இறுக்கமாகவே இருந்ததால் அதில் அவர் கை வைக்கவில்லை. அது மங்கித்தான் இருக்கிறது. கடையில் வாங்கி வந்த நாளிலிருந்து அந்தத் தடியில் மிஞ்சியிருக்கும் கட்டு அது ஒன்றுதான்.