மைக் முன்னால் முளைக்கும் ஜோக்

சிஞ்ச்வட்: பொங்கல் விழா, ஆண்டு விழா, பிரிவுபசாரம் என்று நம்மவர்கள் கூடும் இடமெல்லாம் ஒரு மைக் உண்டு. மைக்கைப் பிடித்தவருக்கு ஒரு கைத்தட்டல் கிடைத்துவிட்டால் போதும், அடுத்த ஜோக் தானாக வாயில் வந்துவிடும். ஆபத்து அங்கேதான்.

நம் புனே மாவட்டத்திலேயே நடந்ததைப் பாருங்கள். 2013 ஏப்ரல் மாதம். 1972-க்குப் பிறகு இத்தனை வறட்சி கண்டதில்லை என்று மராட்டியமே தவித்த நேரம். உஜனி அணைத் தண்ணீர் கேட்டு, சோலாப்பூர் மாவட்ட விவசாயி ஒருவர் மும்பை ஆசாத் மைதானத்தில் 55 நாளாக உண்ணாவிரதம் இருந்தார். இந்தாப்பூர் பக்கம் ஒரு கூட்டத்தில் பேசிய அன்றைய துணை முதல்வர் அஜித் பவார் அந்த விவசாயியைக் கேலிக்கு இழுத்தார். அணையில் தண்ணீர் இல்லையென்றால் சிறுநீரா கழிக்க முடியும் என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்ததும், ராத்திரியில் கரண்ட் போவதால்தான் பிள்ளைகள் அதிகம் பிறக்கின்றன என்று இன்னொன்றையும் சேர்த்தார்.

அந்தக் கூட்டத்துக்கு எல்லாம் சரிதான். ஆனால் டி.வி.யில் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள் எப்படிச் சிரிப்பார்கள்? அவர் மன்னிப்புக் கேட்டார். பெரியப்பாவோ சித்தப்பாவோ வந்து காப்பாற்றும் விஷயமா இது? சித்தப்பா சரத் பவாரும் வருத்தம் தெரிவித்தார், அப்படியும் அடங்கவில்லை. கடைசியில் கராடில் யஷ்வந்த்ராவ் சவான் நினைவிடத்தில் ஒரு நாள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நம் சிஞ்ச்வட்டைத் தொட்டு ஓடும் பவனா ஆறும் கடைசியில் பீமாவில் கலந்து அதே உஜனிக்குத்தான் போகிறது.

இது மராட்டியத்து வியாதி மட்டுமல்ல. 1984-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், வானொலி உரைக்கு முன்னால் மைக்கைச் சோதிக்கும்போது, ஐந்து நிமிடத்தில் ரஷ்யா மீது குண்டுவீச்சு ஆரம்பம் என்று விளையாட்டாகச் சொல்லி மாஸ்கோவைக் கொதிக்க வைத்தார். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் அமைச்சர் பொன்முடி, சைவ வைணவச் சின்னங்களை வைத்து மேடையில் ஒரு கொச்சை ஜோக் சொன்னார். முதலில் கட்சிப் பதவி போயிற்று. அந்த மாதமே அமைச்சர் பதவியும் போயிற்று.

பெரியவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் இதில் பட்டவன்தான்.

எங்கள் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் ரிடையர் ஆனார். திருநெல்வேலிச் சீமைக்காரர். 31 வருஷ சர்வீஸ், குடும்பம் ஊரில், இவர் இங்கே ரூமில். பிரிவுபசாரத்தில் நான்தான் நிகழ்ச்சியை நடத்தினேன். ஒன்றிரண்டு கைத்தட்டல் விழுந்ததும் எனக்கும் தெம்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, ஊருக்குப் போனதும் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுங்க. இல்லேன்னா வீட்டம்மா யாரோ எவரோன்னு கதவைச் சாத்திருவாங்க" என்றேன்.

ஹால் அதிர்ந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம்தான். சிரிக்காதவர்கள் சத்தம் போடுவதில்லை. முதல் வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். புருஷனை அழைத்துப்போக வந்தவர், முந்தானையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி மாலையில் ஒவ்வொரு பூவாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். டீ குடிக்காமலே இருவரும் போய்விட்டார்கள்.

பென்ஷன் கணக்குக்காக அவருடைய சர்வீஸ் பைலைப் புரட்டியவன் நான். மூத்த மகள் சடங்குக்கு அவர் கேட்டுக் கிடைக்காத லீவு மனு அதில் இருக்கிறது. அதைப் படித்தும் என் வாய் நிற்கவில்லை.

இப்போதெல்லாம் மேடையில் சொல்ல வேண்டிய ஜோக்கை முதல்நாளே சீட்டில் எழுதி, ரூம்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுகிறேன். பாதி அங்கேயே அடிபட்டுவிடும். என்னையே கிண்டல் செய்யும் ஜோக்குகள்தான் பெரும்பாலும் மிஞ்சுகின்றன.

அண்ணாச்சி ஊருக்குக் கிளம்பிய அன்று புனே ஸ்டேஷனுக்குப் போனேன். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. அவர் பெட்டிகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஜன்னல் வழியாக ஒரு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

"தம்பி, உங்க வீட்டுலயும் எல்லாரும் ஊர்லதான் இருக்காகளா?"

ஆமாம் என்றேன்.